எடுத்தால் ஒன்று வைத்துவிட்டு வா

2023 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் அம்மாவும் நானும் கனடாவுக்குப் போயிருந்தோம். 2006 இல் ஏ9 பாதை மூடப்படுவதற்கு முன்பு புறப்பட்டுப் போன அக்காவை அம்மா பதினேழு வருடங்களுக்குப் பிறகு அப்போதுதான் கண்டார். அக்கா இருப்பது ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில். எங்கு திரும்பினாலும் தமிழ்க் குரல் கேட்கும் இடம் அது.

ஒரு சனிக்கிழமை காலை அக்காவின் மகள், பன்னிரண்டு வயது, சப்பாத்தைக் கட்டிக்கொண்டே, "அம்மம்மா, சித்தி, வாங்கோ, நாங்கள் கேஷ் தேடப் போவம்" என்றாள்.

"காசு தேடவோ? ஆற்ற காசு?" என்று அம்மா கேட்டார்.

வீடு முழுக்கச் சிரிப்பு. அவள் சொன்னது பணத்தை அல்ல. 'ஜியோகேஷிங்' என்று ஒரு விளையாட்டு. முன்பின் தெரியாத ஒருவர் ஒரு பெட்டியை ஓரிடத்தில் ஒளித்துவைப்பார். அந்த இடத்தின் அகலக்கோடு, நெடுங்கோடு எண்களை இணையத்தில் போடுவார். அந்த எண்களைக் கைத்தொலைபேசியில் பார்த்து மற்றவர்கள் தேடிக் கண்டுபிடிப்பார்கள். ஒளித்துவைத்த பெட்டிக்குப் பெயர்தான் கேஷ்.

பெறாமகள் இதைச் சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் மாறியதை நான் கவனித்தேன். ஒளித்துவைத்த பெட்டி, மண், தேடுதல் என்ற சொற்கள் ஒரு கனடாப் பிள்ளைக்கு விளையாட்டு. எங்களுக்கு அப்படி அல்ல என்பதை இதை வாசிக்கும் சகோதரிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

நாங்கள் தாட்டு வைத்த பெட்டி

2008 டிசம்பரில் கிளிநொச்சியில் எங்கள் வீட்டைவிட்டு வெளிக்கிட்டபோது அப்பா வளவுக்குள் கிடங்கு வெட்டி ஒரு றங்குப்பெட்டியைத் தாட்டார். அம்மாவின் நகை, காணி உறுதி, எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள், குடும்பப் படங்கள் எல்லாம் பொலித்தீனில் சுற்றி அதற்குள் இருந்தன. "கிணத்துக் கட்டிலையிருந்து நெல்லி மரத்தைப் பார்த்து பன்ரெண்டு அடி" என்று அம்மாவுக்கும் எனக்கும் இரண்டு தரம் நடந்து காட்டினார். நான் அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன்.

2009 இல் அப்பா எங்களோடு திரும்பி வரவில்லை.

முகாமிலிருந்து விடுபட்டு, கண்ணிவெடி அகற்றி முடிந்தது என்று அறிவித்த பிறகு, 2010 கடைசியில் வளவுக்குள் கால் வைத்தோம். நெல்லி மரம் இல்லை. கிணறு கல்லும் மண்ணுமாக மூடிக் கிடந்தது. கட்டு எது, மரம் நின்றது எங்கே என்று குத்துமதிப்பாகப் பார்த்து மூன்று நாள் அலவாங்கும் மண்வெட்டியுமாக வெட்டினோம். மூன்றாம் நாள் பெட்டி கிடைத்தது. பூட்டு உடைக்கப்பட்டிருந்தது. உள்ளே மண் மட்டும்தான் இருந்தது.

அம்மா அழவில்லை. "நகையை எடுத்தவை எடுக்கட்டும். படத்தை என்னத்துக்கு எடுத்தவை?" என்று மட்டும் கேட்டார். அப்பாவின் படம் என்று இன்று எங்களிடம் இருப்பது அக்கா கனடாவுக்குக் கொண்டுபோன ஒன்றே ஒன்று.

தாட்டு வைத்ததைத் தேடாத வீடு எங்கள் பக்கத்தில் குறைவு. ஆகவே இந்த விளையாட்டைப் பற்றி எழுதுவதற்கு முன் எனக்கே தயக்கம் இருந்தது.

விளையாட்டு வந்த கதை

வானத்தில் ஏறத்தாழ 20,000 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையை வைத்து நாம் நிற்கும் இடத்தைக் கணிக்கும் முறைக்கு ஜி.பி.எஸ். என்று பெயர். இது அமெரிக்க இராணுவத்துக்காக உண்டாக்கப்பட்டது. பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்திருந்தார்கள். அதனால் காட்டும் இடம் நூறு மீற்றர் வரை தள்ளிப்போகும். 2000 ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு அந்தப் பிழையை நீக்கியது.

அது நடந்த உடனேயே, மே 3 ஆம் திகதி, டேவ் உல்மர் என்பவர் ஒரேகன் மாநிலத்தில் போர்ட்லண்ட் நகருக்கு அண்மையில் ஒரு பிளாஸ்ரிக் வாளியைப் பாதி மண்ணில் புதைத்து வைத்து அதன் எண்களை இணையத்தில் அறிவித்தார். உள்ளே புத்தகம், வீடியோ நாடா, ஒரு கவண், பேணியில் அடைத்த அவரை, ஒரு குறிப்புக் கொப்பி ஆகியன இருந்தன. அவர் சொன்ன விதி ஒன்றுதான்: கொஞ்சம் எடு, கொஞ்சம் வை, கொப்பியில் எழுது. சில நாட்களிலேயே அது கண்டுபிடிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்ரெம்பரில் இதற்கென ஒரு இணையத்தளம் உண்டானது. இன்று உலகம் முழுவதும் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் இருக்கின்றன. இலங்கையிலும் சில உண்டு.

இதற்கு ஒரு மூத்த உறவும் உண்டு. இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் 1854 இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, நடந்து வருபவர்கள் தம் விபரச்சீட்டைப் போட்டுச் செல்லும்படி ஒரு போத்தலை வைத்தார். ஆகவே கைத்தொலைபேசி இல்லாமலும் இந்த விளையாட்டு நடந்திருக்கிறது.

காட்டுக்குள் அம்மா

ஹைலன்ட் கிறீக் என்ற ஓடை ஸ்காபரோவுக்கு நடுவே ஓடுகிறது. இரண்டு பக்கமும் மரங்கள். ஒக்ரோபரில் மேப்பிள் இலைகள் சிவந்து நிலம் தெரியாமல் கொட்டிக் கிடக்கும். நிலம் தெரியாதது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. நடைபாதையை விட்டு ஒரு அடி விலகமாட்டேன் என்று நின்றுகொண்டார். "இஞ்சை வெடி ஒண்டும் இல்லை அம்மம்மா" என்று பெறாமகள் சொன்னாள். "எனக்குத் தெரியும் பிள்ளை. காலுக்குத் தெரியேல்லை" என்றார் அம்மா.

கைத்தொலைபேசி நம்மைக் கிட்டக் கொண்டுபோய் விடும். பெட்டியை எடுத்துக் கையில் தராது. வெளியான இடத்தில் ஐந்து மீற்றர் அளவில் சரியாகக் காட்டும். மரங்களுக்குக் கீழே இன்னும் தள்ளிப்போகும். அதனால் கடைசிப் பத்து மீற்றருக்கு வந்ததும் தொலைபேசியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுச் சுற்றிப் பார்க்க வேண்டும். 'நான் ஒளிப்பதென்றால் எங்கே ஒளிப்பேன்?' என்று யோசிக்க வேண்டும். இயற்கையாக விழாத குச்சிக் குவியல், இடம் மாறிய கல், மரப்பொந்து போன்றவைதான் அடையாளம்.

பெறாமகளும் நானும் அரைமணித்தியாலம் தேடினோம். கிடைக்கவில்லை. பாதையில் நின்ற அம்மா, "அந்த விழுந்த மரத்துக்குக் கீழை பார். பட்டையை ஆரோ எடுத்து மூடியிருக்கினம். அது தானாய்க் கிடக்கிறதில்லை" என்றார். சொன்ன கையோடு, "கிட்டப் போகாதை!" என்றும் கத்தினார்.

பிள்ளை அதற்குள் ஓடிவிட்டாள். பட்டையை விலக்கி அவள் இழுத்து எடுத்தது பச்சை நிற இரும்புப் பெட்டி. துவக்கு ரவைகள் அடைத்து வரும் பெட்டி. அம்மாவுக்கும் எனக்கும் பார்த்த உடனேயே தெரிந்தது. "தொடாதை பிள்ளை! வை! வை!" என்று அம்மா போட்ட சத்தத்தில் நாயோடு நடந்துவந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் நின்றுவிட்டார். அம்மாவின் கையைப் பிடித்தேன். என் கையும் நடுங்கியது.

இராணுவம் கழித்துவிட்ட ரவைப் பெட்டிகள் தண்ணீர் புகாதவை, மலிவானவை. அதனால் இந்த விளையாட்டுக்காரர் அவற்றை விரும்பி வாங்குகிறார்கள் என்று பிறகுதான் அறிந்தேன். பெட்டியின் பக்கத்தில் இது ஒரு விளையாட்டுப் பெட்டி என்று எழுதி ஒட்டியிருந்தது. உள்ளே ஒரு பிளாஸ்ரிக் தவளை, மணிமாலை, இரண்டு போளைகள், ஒரு திறப்புக் கோர்வை, பென்சில், கொப்பி.

அம்மா ஆறுதலாகக் கிட்ட வந்தார். கொப்பியை வாங்கிப் பார்த்தார். வந்தவர்களின் பெயரும் திகதியும் பக்கம் பக்கமாக இருந்தன.

"இதைக் காவல் காக்கிறது ஆர்?"

"ஒருத்தரும் இல்லை அம்மம்மா."

"அப்ப ஏன் ஒருத்தரும் முழுக்க எடுத்துக்கொண்டு போகேல்லை?"

பிள்ளைக்குக் கேள்வி விளங்கவில்லை. "பின்னாலை வாற ஆக்களுக்கு வேணுமே" என்றாள்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. பென்சிலை வாங்கி, கொப்பியில் தன் பெயரைத் தமிழில் எழுதினார். அதன் பக்கத்தில் அப்பாவின் பெயரையும் ஊரையும் எழுதினார். பணப்பையிலிருந்து ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். பிள்ளை வற்புறுத்தியதால் ஒரு நீலப் போளையை எடுத்துக்கொண்டார். பிறகு பட்டையை முன்பு கிடந்த மாதிரியே, பிள்ளையைவிட வடிவாக, தானே மூடிவைத்தார்.

இந்த விளையாட்டின் ஒழுக்கங்கள்

அடுத்த நாட்களில் இதன் விதிகளை வாசித்தேன். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞரைப் பற்றிப் படித்திருந்தேன். கொடுத்தல், பெறுதல், திருப்பிக் கொடுத்தல் என்ற மூன்று கடமைகளும் மனிதரை ஒருவரோடொருவர் கட்டிவைக்கின்றன என்று 1925 இல் வெளிவந்த கட்டுரையில் அவர் எழுதினார். பரீட்சைக்குப் பாடமாக்கிய அந்த விடயம் காட்டில் ஒரு இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. விதிகளில் முக்கியமானவை இவை:

ஒன்றை எடுத்தால் அதற்குச் சமமான அல்லது அதைவிட நல்ல ஒன்றை வைக்க வேண்டும். ஒன்றும் எடுக்காமல் பெயர் மட்டும் எழுதிவிட்டும் வரலாம்.

கண்டெடுத்த இடத்திலேயே, கண்ட மாதிரியே திரும்ப வைக்க வேண்டும். 'இதைவிட நல்ல இடம்' என்று மாற்றக்கூடாது. எண்களை நம்பி அடுத்தவர் வருவார்.

உணவுப் பொருள், கத்தி, வெடி, மதுபானம், மருந்து வைக்கக்கூடாது. உணவின் மணத்துக்கு மிருகங்கள் வந்து பெட்டியைக் கடித்துப் போடும். குழந்தைகள் திறக்கும் பெட்டி என்பதையும் நினைக்க வேண்டும்.

காணிச் சொந்தக்காரரின் அனுமதி இல்லாமல் ஒளிக்கக்கூடாது. கிடங்கு வெட்டக்கூடாது. முதலாவது வாளி பாதி புதைக்கப்பட்டதுதான். ஆனால் ஆளாளுக்கு மண்ணைக் கிளறினால் என்ன ஆகும் என்று யோசித்து விதியை மாற்றினார்கள். ஒரு பெட்டிக்கும் அடுத்ததற்கும் 161 மீற்றராவது இடைவெளி இருக்க வேண்டும்.

கண்டுபிடித்தவர் மற்றவரிடம் இடத்தைச் சொல்லிக் கெடுக்கக்கூடாது. கொப்பி நனைந்திருந்தாலோ பெட்டி உடைந்திருந்தாலோ வைத்தவருக்கு அறிவிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் 'கிடைக்கவில்லை' என்று நேர்மையாக எழுதவேண்டும். அதில் வெட்கமில்லை. பலருக்குக் கிடைக்காவிட்டால் பெட்டி தொலைந்திருக்கிறது என்று வைத்தவருக்கு விளங்கும்.

போகும் வழியில் குப்பை கண்டால் பொறுக்கிக்கொண்டு வரவேண்டும். இதற்கென்றே கூடும் துப்புரவு நாட்கள் 2002 முதல் பல நாடுகளில் நடக்கின்றன.

பெட்டியின் மேல் அது என்ன என்று தெளிவாக எழுதி ஒட்ட வேண்டும். இதற்கும் காரணம் உண்டு. 2011 இல் இங்கிலாந்தின் வெதர்பி என்ற ஊரில் ஒருவர் தெருவோரத்தில் கேஷ் ஒன்றைத் தேடியதைக் கண்டவர்கள் பயந்து பொலிசுக்கு அறிவிக்க, குண்டு செயலிழக்கச் செய்பவர்கள் வந்து அதை வெடிக்க வைத்தார்கள்.

பெண்களுக்கான சில குறிப்புகளும் சொல்லவேண்டும். வெளிநாட்டில் பிள்ளைகளோடு இருக்கும் சகோதரிகளுக்கும் உதவும். பகலில் போங்கள். இரண்டு பேராவது சேர்ந்து போங்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லுங்கள். தொலைபேசியை முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். மூடிய சப்பாத்து அணியுங்கள். பொந்துக்குள் கையை விடாமல் முதலில் தடியால் தட்டிப் பாருங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் தேடும் கடினம், நிலத்தின் கடினம் என்று 1 முதல் 5 வரை தரம் போட்டிருப்பார்கள். தொடங்குபவர்கள் இரண்டும் ஒன்றாக உள்ளதைத் தெரிந்தெடுங்கள்.

நான் விட்ட பிழை

ஊருக்குத் திரும்பியதும் எனக்கு ஒரு ஆசை வந்தது. 2024 இல் ஒரு கிராமத்தில் எங்கள் பெண்கள் குழுவின் மாதாந்தக் கூட்டத்துக்கு முன், முன்பள்ளி வளவுக்குள் ஒரு ஐஸ்கிறீம் பெட்டியை ஒளித்துவைத்தேன். பாவனையில் உள்ள, வேலி அடைத்த, கூட்டித் துப்புரவாக்கிய வளவு. தொலைபேசி தேவையில்லை என்று 'தண்ணீர்க் குழாயிலிருந்து மாமரத்தைப் பார்த்துப் பத்து அடி' என்று ஒரு துண்டில் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். விளையாட்டு என்றால் திடீரென்று இருந்தால்தான் சுவை என்று தாய்மாருக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

பிள்ளைகள் ஓடினார்கள். ஒரு தாய் எழுந்து போய்த் தன் மகளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருத்தினார். அவருடைய மூத்த மகன் 2011 இல் எதையோ பொறுக்கப்போய் இரண்டு விரல்களை இழந்தவன். அவர் என்னைப் பார்த்து, "மிஸ், தெரியாத பெட்டியைத் தொடவேண்டாமெண்டு நீங்கள்தானே எங்கட பிள்ளையளுக்குச் சொல்லித் தந்தனீங்கள்?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் இல்லை. அவர் கேட்டது முழுக்கச் சரி. ஸ்காபரோக் காட்டில் என் அம்மா போட்ட சத்தத்தைக் காதால் கேட்டுவிட்டு வந்த நானே இதைச் செய்திருந்தேன். அங்கே நல்ல விளையாட்டு என்பதால் இங்கேயும் நல்லது என்று நினைத்துவிட்டேன். எங்கள் மாவட்டங்களில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடிந்துவிடவில்லை. தொடாதே, கிட்டப்போகாதே, பெரியவர்களுக்கு அறிவி என்ற பாடத்தை ஒரு நாள் விளையாட்டுக்காகப் பிள்ளைகளின் மனதில் குழப்பக்கூடாது.

எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். பிறகு குழுவாக இருந்து பேசினோம். வேண்டாம் என்று விட்டுவிடுவோமா என்று கேட்டேன். கேள்வி கேட்ட அந்தத் தாயே, "பெட்டி இருக்கட்டும். ஒளிக்காதேங்கோ" என்றார்.

இப்போது அந்தப் பெட்டி முன்பள்ளி மண்டபத்துக்குள் ஜன்னலோரத் தட்டில், எல்லோருக்கும் தெரியும்படி இருக்கிறது. மேலே பெரிய எழுத்தில் 'எங்கள் பெட்டி' என்று எழுதியிருக்கிறது. எழுதியது அந்தத் தாய். உள்ளே ஒரு கொப்பி. கூட்டத்துக்கு வரும் எவரும் எடுக்கலாம், வைக்கலாம், எழுதலாம். முதல் மாதம் ஒருவரும் எடுக்கவில்லை. வைக்க மட்டும் வைத்தார்கள்: பொத்தான், நூல் கண்டு, கத்தரி விதை சுற்றிய கடதாசி. எடுப்பதற்கு எங்கள் பெண்கள் கூச்சப்படுகிறார்கள். இரண்டாம் மாதம் ஒருவர் கத்தரி விதையை எடுத்தார். நாலாம் மாதம் வெண்டி விதை வந்தது. கொப்பியில் சிலர் பெயர் மட்டும் எழுதுகிறார்கள். ஒரு சிலர் காணாமல்போன தங்கள் மனிதரின் பெயரையும் எழுதுகிறார்கள். அப்படி எழுதும்படி நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

தேடுதல் என்பதை விளையாட்டாக்க எங்கள் நிலம் இன்னும் இடம் தரவில்லை. ஆகவே சகோதரிகளே, இதை வாசித்துவிட்டுப் பற்றைக் காணிக்குள் பிள்ளைகளைத் தேட விடாதீர்கள். ஆனால் எடுத்தால் ஒன்றை வைக்கவேண்டும், பின்னால் வருபவரை நினைக்கவேண்டும் என்ற பழக்கத்துக்குக் காடும் வேண்டாம், செயற்கைக்கோளும் வேண்டாம். உங்கள் கிராமத்துச் சங்கக் கட்டடத்தில் ஒரு தட்டும் ஒரு பெட்டியும் ஒரு கொப்பியும் போதும். வைப்பதற்கு முன் எல்லோரிடமும் கேளுங்கள். நான் கேட்காமல் விட்ட பிழையை நீங்கள் விடவேண்டாம்.

அம்மா கொண்டுவந்த நீலப் போளை தையல் மெசின் லாச்சிக்குள் கிடக்கிறது. போன மாதம் லாச்சியைத் துப்புரவாக்கும்போது அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "அந்தப் பெட்டி இன்னும் அதிலை இருக்குமோ?" என்று கேட்டார். பெறாமகளுக்குச் செய்தி அனுப்பினேன். "இருக்கு சித்தி. அம்மம்மாவின்ர காசை ஆரோ எடுத்திட்டினம். ஒரு சின்ன விசில் வைச்சிருக்கினம்" என்று பதில் வந்தது.